பெரியப்பா பெயரில் ஒரு நிறுத்தம்

எங்கள் பஸ் நிறுத்தத்துக்கு என் பெரியப்பாவின் பெயர். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எருமப்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே கத்துவார், இன்னார் ஏமாத்துன மேடு என்று முழுசாக.

எடப்பாடியில் தறியோடு சேர்ந்த ஒரு வீடு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவாக இருந்தது. அதை விற்ற பெரியப்பா, அப்பாவின் பங்குக்கு எருமப்பட்டிப் பக்கம் தோட்டமும் வீடும் வாங்கிவிட்டதாகச் சொன்னார். அப்பா அண்ணனை எதிர்க்கேள்வி கேட்டதே இல்லை. சட்டிபானையோடு எங்களை மினி லாரியில் கொண்டுவந்து, கல்லும் முள்ளுமான ஒரு மேட்டில் இறக்கிவிட்டு, சாவி வாங்கி வருவதாகப் போனவர் போனவர்தான். தோட்டமும் இல்லை, வீடும் இல்லை.

திரும்பிப் போகவும் இடம் இல்லை. கட்டிலை நிமிர்த்தி, சேலையைக் கட்டி நிழல் செய்தோம். எருமைகள் போன தடத்தில் நானும் அம்மாவும் வெகுதூரம் நடந்து ஒரு கிணற்றைக் கண்டுபிடித்தோம். நூலைத் தவிர எதையும் தொட்டறியாத அப்பா மரவள்ளிக் குச்சிகளைத் தலைகீழாக நட்டுவிட்டு, முளைக்கும் முளைக்கும் என்று தண்ணீர் ஊற்றினார். ஆடு மேய்க்க வந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்தே பெரியப்பாவைச் சபித்தேன். அம்மா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். அந்தக் கூலியில் கூரை வந்தது, பிறகு சுவர் வந்தது.

பண்ணைக்குப் போகிற பஸ்ஸில்தான் ஒரு நாள் கண்டக்டர் எந்த இடம் என்று கேட்டார். மேட்டுக்குப் பெயர் கிடையாது. அம்மா நிதானமாக ஒரு பெயர் சொன்னாள். பஸ்ஸே சிரித்தது. பின்னால் வந்து குடியேறியவர்களுக்கு வேறு பெயர் தெரியாது.

அம்மா போன வருஷம் போய்ச்சேர்ந்தாள். இந்த வருஷம் நிழற்குடை கட்டினார்கள். முதலில் குடியேறியவர்கள் என்பதால், என்ன பெயர் எழுதுவது என்று எங்களைத்தான் கேட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு, எழுதுவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெரியப்பா வந்து நின்றார், அத்தனை வருஷத்துக்குப் பிறகு.

"புள்ளைக்கு எருமப்பட்டியில சம்பந்தம் பேசீருக்குது. அவங்க தெனமும் இந்த வழியாத்தான் போவாங்க. என்ற பேர மட்டும் எடுத்துரு, சாமி."

அப்பா இளகிவிட்டார். அண்ணன் கேட்கிறாரே, விட்டுவிடலாம் என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"பஸ்ஸுல எந்த ஸ்டாப்புனு சொல்லி டிக்கெட் எடுத்தீங்க, பெரியப்பா?"

அவர் தரையைப் பார்த்தார். முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்ததாக முனகினார். முழங்கால் வரை செம்மண். பார்க்கப் பார்க்க எனக்குக் குளிர்ந்தது. அம்மா தண்ணீருக்கு நடந்தது இதைவிடத் தூரம்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் பெயிண்டர் வந்ததும் பக்கத்திலேயே நின்று, எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னேன்.