கேட்காத பக்கத்தில் மாட்டிய மைக்

எரிந்துபோன பெயிண்ட் கிடங்கின் வாசலில் வைத்து, காவலாளியின் சட்டையில் காலர் மைக்கை மாட்டினாள் காதக்கா. மனிதர் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் அவருடைய மனைவி, கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி.

"அம்மா, இந்த இடது காது எனக்குச் சுத்தமா கேக்காது," என்றார் காவலாளி. "அன்னைக்கு டின்னு எல்லாம் வெடிச்சதுல போச்சு. அந்தப் பக்கம் நின்னு எதுவும் கேக்காதீங்க."

காதக்கா தலையாட்டினாள். ஒரு காது கேட்காதவர் நல்ல காதை எதிராளிக்குக் கொடுப்பார். வலது காதைக் கொடுத்தால் வாய் இடப்பக்கம் திரும்பிவிடும். அதனால் மைக்கை இடது பக்கமே மாட்டினாள். பட்டாணி அளவு மைக் அது. அதன் வயரைச் சட்டைக்குள் விட்டு, இடுப்பில் செருகிய டிரான்ஸ்மிட்டரில் இணைத்தாள்.

"நான் பேசுறது எல்லாம் இதுல ஏறிடுமா?"

"பயப்படாதீங்க ஐயா. என் பையில இந்தச் சிவப்பு விளக்கு எரிஞ்சா மட்டும்தான் பதிவு. அணைஞ்சிட்டா நீங்க பேசுறது காத்தோட போச்சு."

காவலாளியின் தோள் கொஞ்சம் தளர்ந்தது. அவளிடம் மைக் மாட்டிக்கொண்ட எல்லாருக்கும் அந்த வாக்கியத்தில் அப்படித்தான் தளரும்.

அவள் தொழில், படம் எடுக்கிற இடத்திலேயே நின்று பேச்சைப் பதிவு செய்வது. நெஞ்சுக்கு முன்னால் பை, பைக்குள் ரெக்கார்டர், தலையில் ஹெட்போன். படப்பிடிப்பு ஆட்கள் வைத்த பெயர்தான் காதக்கா. அடையாள அட்டையில் சொந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கா?" என்று அவளிடமே கேட்டவர்கள் உண்டு. இந்த வேலையில் ஒரு வம்பு இருக்கிறது. மைக் மாட்டியவர் சீக்கிரமே அதை மறந்துபோவார். மறந்துபோய்ப் பாத்ரூமுக்குப் போவார், பெண்டாட்டியோடு சண்டை போடுவார், சற்று முன்தான் கைகுலுக்கிய தயாரிப்பாளரை வாயில் வந்தபடி ஏசுவார். அவ்வளவும் வந்து விழுவது அவள் தலைக்குள். டைரக்டர் 'கட்' சொன்னதும் ரெக்கார்டரை நிறுத்தி, ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிடுவது அவள் பழக்கம். தப்பித்தவறிக் கேட்டதையும் வெளியே விட்டதில்லை. அதனால்தான் வாயே திறக்காதவர்களும் அவள் முன்னால் திறந்தார்கள்.

அன்று அவள் கொண்டுவந்திருந்தது புது வயர்லெஸ் செட். பழையதில் ஒரு கோளாறும் இல்லை, காற்றுதான் கெட்டுப்போயிருந்தது. எந்தத் தெருவுக்குப் போனாலும் யாருடைய வாக்கி-டாக்கியோ, எந்த வீட்டு வைஃபையோ நல்ல பேச்சின் நடுவில் கரகரவென்று நுழைந்துவிடும். கடைக்காரர் விளக்கின் நிறத்தையும் பெட்டியின் பளபளப்பையும் காட்டி விற்கப் பார்த்தார். இவள் மசியவில்லை. மூன்று செட்டை வீட்டுக்கு வாங்கிப்போய், ஒவ்வொன்றாகப் புருஷன் இடுப்பில் செருகித் தெருவில் நடக்கவிட்டாள்.

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் அவர். "நடந்துக்கிட்டே என்னத்தப் பேசுறது?" என்றார்.

"வாய்ப்பாடு சொல்லிக்கிட்டே போங்க."

முதல் செட் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டவில்லை. இரண்டாவது வெல்டிங் பட்டறை வாசலில் ஊளையிட்டது. மூன்றாவதும் அவர் மாடிக் கட்டடத்தின் பின்னால் திரும்பியதும் அறுந்துபோனது. ஆனால் அதற்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. சத்தம் வந்து சேராவிட்டாலும், டிரான்ஸ்மிட்டரே தன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன கார்டில் எல்லாவற்றையும் பதிந்து வைத்துக்கொள்ளும். கார்டைப் போட்டுக் கேட்டாள். வாய்ப்பாடு பாதியில் நின்று, கட்டடத்தின் பின்னால் யாரிடமோ புருஷன் புலம்பிக்கொண்டிருந்தார்: "நான் பேசுனா அவளுக்குக் கேக்காதுங்க. இந்தப் பெட்டி பேசுனாதான் கேக்கும்."

காதக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "அடிப்பாவி, அதெல்லாமா ஏறும்?" என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அந்த செட்டையே வாங்கினாள். வாங்கிய கையோடு டைரக்டரிடமும் பெருமை அடித்துக்கொண்டாள்: "இனிமே சிக்னல் போனாலும் ஒரு சொல் போகாது தம்பி." எல்லாவற்றையும் யோசித்து வாங்கியவள், மைக் மாட்டும்போது தான் சொல்கிற அந்த வாக்கியத்தை மட்டும் யோசிக்கவில்லை.

டைரக்டர் நல்ல பையன்தான். இந்தக் கிடங்குத் தீயைப் பற்றிப் படம் எடுக்க ஆரம்பித்ததிலிருந்து சரியாகத் தூங்காதவன். தீயில் அங்கே வேலை செய்த மூன்று பெண்கள் செத்தார்கள். பின்கதவைத் திறக்க முடியாமல் அதன் அடியிலேயே கிடந்தார்கள். விசாரணை நடத்தியவர்கள், அவர்களே உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதால் வந்த வினை என்று எழுதி முடித்துவிட்டார்கள். செத்தவர்கள் தலையிலேயே பழியைக் கட்டியாயிற்று. அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்றும் அதைக் கேட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகின்றன. அன்று வேலையில் இருந்த ஒரே காவலாளி இவர். தீக்குப் பிறகு இவருடைய மகனுக்கு அதே கம்பெனியில் வேலை கிடைத்தது.

அன்று காவலாளி கேமரா முன்னால் சொன்னதெல்லாம் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்ததுதான். புகை வந்தது, ஓடினேன், கூப்பிட்டேன். கதவைப் பற்றிக் கேட்டபோது, "எனக்குத் தெரியாதுங்க," என்றார். திரும்பக் கேட்டபோதும் அதையே சொன்னார். டைரக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கடைசியாக அவர் முற்றத்தில் நடந்துபோவதை மட்டும் எடுத்தான். தனியாகப் போக மாட்டேன் என்று அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டார். இருவரும் அகலமான சிமெண்ட் முற்றத்தைக் கடந்து, கருகிய கிடங்குக் கொட்டகையை நோக்கிப் போனார்கள்.

"கட்," என்றான் டைரக்டர்.

காதக்கா ரெக்கார்டரை நிறுத்தினாள். சிவப்பு விளக்கு அணைந்தது. ஹெட்போனை இறக்கியிருக்க வேண்டும். ஆனால் கொட்டகையின் இரும்புத் தகடுகள் நெருங்க நெருங்க சிக்னல் விட்டு விட்டு வந்தது. எதுவரை தாங்குகிறது என்று பார்க்கிற தொழில் புத்தி கையைத் தடுத்துவிட்டது. அவர்கள் நிற்காமல் கொட்டகையின் பின்னால் திரும்பினார்கள். அப்போதுதான் அது வந்தது.

"...பூட்டுனது நான்தானே..."

பிறகு கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை.

அவள் முகத்தை டைரக்டர் பார்த்துவிட்டான். "என்னக்கா கேட்டுச்சு?"

"சிக்னல் போயிடுச்சு."

"அது தெரியும். போறதுக்கு முன்னாடி என்ன கேட்டுச்சு?"

அவள் ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு பேரும் அந்தக் கதவுகிட்டதான் நிக்கிறாங்க. டிரான்ஸ்மிட்டர்ல பதிவாகிட்டு இருக்கும்ல? நீங்கதானக்கா சொன்னீங்க."

காதக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. விளக்கு அணைந்துவிட்டால் காற்றோடு போச்சு என்று அந்த மனிதருக்குச் சொல்லியிருந்தாள். பழைய செட்டுக்கு அது சத்தியமான வார்த்தை. இந்த செட்டுக்குப் பச்சைப் பொய். வாய்ப்பழக்கத்தில் ஒரு பொய்யைச் சொல்லி, நம்பிய மனிதரை அந்தக் கதவுவரை அனுப்பி வைத்திருக்கிறாள்.

"அந்த ஆளு நம்பி மாட்டிக்கிட்டாரு தம்பி."

"அந்த மூணு பேரும் யாரையோ நம்பித்தான் உள்ள போனாங்க." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "கார்டை எடுத்துட்டு வாங்கக்கா. மத்ததை நான் பாத்துக்கறேன்."

அவள் முற்றத்தைத் தாண்டி நடந்தாள். வெயில் சிமெண்டிலிருந்து முகத்தில் அடித்தது. கார்டை அழித்துவிட்டால் கொடுத்த வாக்கு நிற்கும், மூன்று பெண்களின் மேல் விழுந்த பழியும் அப்படியே நிற்கும். கொண்டுபோய்க் கொடுத்தால் பழி தீரும். ஆனால் அந்த மகனின் வேலை போகும், இந்தக் கிழவர் ஒருவேளை ஜெயிலுக்குப் போவார், அதுவும் அவள் கையால். எந்தப் பக்கம் போனாலும் நெஞ்சை அறுத்தது. புருஷனிடம் கேட்கலாம் என்றால் அவர் வேனில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பார்.

கொட்டகையின் பின்னால், கருகிய கதவு நிலைக்கு எதிரே இருவரும் நின்றிருந்தார்கள். மனைவி அவருடைய இடது பக்கம். காதக்காவைக் கண்டதும் காவலாளி தானாகவே இடுப்பைக் காட்டினார். "கழட்டிக்கறீங்களாம்மா?"

அவள் டிரான்ஸ்மிட்டரைக் கழற்றினாள். கார்டை எடுத்தாள். எடுத்த கை பைக்குப் போகாமல் நின்றது.

"ஐயா, நான் உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன்," என்றாள். அவருடைய வலது காதுப் பக்கம் வந்து நின்று சொன்னாள். "விளக்கு அணைஞ்சா பதிவாகாதுன்னு சொன்னேன்ல. இந்தப் பெட்டி தானே பதிஞ்சுக்கும். நீங்க இப்ப பேசுனது இதுல இருக்கு. வேணும்னு சொல்லல, பழைய ஞாபகத்துல வந்துடுச்சு. இருந்தாலும் சொன்னது பொய்தான்."

காவலாளியின் முகம் வெளுத்தது. மனைவி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"யாரு கேட்டாங்க?" என்றார் காவலாளி.

"நான் பாதிச் சொல் கேட்டேன். வேற யாரும் கேக்கல. இதை உங்ககிட்டயே குடுத்துடறேன். அதுக்கு முன்னாடி இதுல என்ன இருக்குன்னு நீங்க கேட்டுடுங்க. தெரியாம வாங்கிக்கக் கூடாது."

கார்டை ரெக்கார்டரில் போட்டு, ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவருடைய நல்ல காதில் வைத்து அழுத்திப் பிடித்தாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து, தனக்குக் கேட்காமல் இன்னொருவர் கேட்பதைப் பார்த்து நிற்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

தன் குரலைக் கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது, பேசியதையே திரும்பச் சொல்கிறார் என்று தெரிந்தது. பிறகு சட்டென்று கண் திறந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ எப்ப இதைச் சொன்ன?"

"வரும்போதுதான்," என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி. "உங்களுக்குக் கேக்காத பக்கம்தானேன்னு சொல்லிட்டேன்."

"தெனமுமா நான் அப்படிச் செய்யறேன்?"

"தெனமும்தான். ராத்திரி எழுந்து போய் வாசக்கதவைத் தொறந்து வச்சிட்டு, வந்து படுத்துக்குவீங்க. காலையில உங்களுக்கு எதுவும் தெரியாது. நான்தான் எழுந்து போய்ச் சாத்திட்டு வருவேன்."

காவலாளி ஹெட்போனைத் தானே கழற்றினார். கதவு நிலையைப் பிடிக்கப்போய், கரி ஒட்டும் என்றோ என்னவோ, கையை இழுத்துக்கொண்டார். "டின்னு திருடு போகுதுன்னு வெளியில பூட்டு போடச் சொன்னாரு மேனேஜர்," என்றார் யாரிடமோ சொல்வதுபோல. "சாவி என் பாக்கெட்டுலதான் இருந்துச்சு. புகையைப் பாத்ததும் வாசல் பக்கம் ஓடிட்டேன்."

காதக்கா கார்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மனைவியிடம் கொடுத்தார். அவள் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"பையன்?" என்றாள் மனைவி.

"வீட்டுக்குப் போனதும் நானே அவன்கிட்ட சொல்லிக்கறேன்." காவலாளி காதக்காவிடம் திரும்பினார். "அந்தத் தம்பியை இங்க வரச் சொல்லுங்கம்மா. மைக்கைத் திரும்ப மாட்டுங்க. அதே பக்கம் மாட்டுங்க, இவ அங்க நிக்கட்டும்."

காதக்கா வேறு கார்டைச் செருகினாள். மைக்கை மாட்டினாள். கிளிப்பை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "ஐயா, இனிமே விளக்கு எரிஞ்சாலும் எரியாட்டியும் நீங்க பேசுறது பதிவாகும்," என்றாள்.

"தெரியும். எரியவிடுங்க."

டைரக்டரும் கேமராமேனும் ஓடிவந்தார்கள். கேட்க வாயெடுத்த டைரக்டரை அவள் ஒரு பார்வையில் அடக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. காவலாளி கதவைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். ஹெட்போனில் அவர் குரலுக்குப் பக்கத்திலேயே, அவருக்குக் கேட்காத பக்கத்தில், மனைவி அழுவதும் தெளிவாகக் கேட்டது. காதக்கா அதைக் குறைக்கவில்லை.