கடல் தாண்டி வந்த ஆறுமணிக்குருவி

இடம்பெயர்ந்து வந்து, முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தேன். மீனவப் பிள்ளைகளுக்கு என்ன தெரியும் என்ற இளக்காரம் எனக்கு நிறையவே இருந்தது. அன்றைய என்னை நினைத்தால் இன்று அருவருப்பாக இருக்கிறது.

ஆறுமணிக்குருவி பறக்கச் சோம்பி, காட்டுச் சருகுக்குள் கோழிக்குஞ்சு போலத் துள்ளித் திரியும். விடியலிலும் பொழுதுபடும்போதும் கூவும். அது ஐப்பசியில் கடல் தாண்டி வருவதாக என் மாணவி மெற்றில்டா கொப்பியில் எழுதியிருந்தாள். நான் அதை வகுப்பில் உரக்க வாசித்தேன்.

"பறக்கவே பஞ்சிப்படுற குருவி கடல் தாண்டுமோ? உன்ர அப்பா வள்ளத்தில ஏத்திக்கொண்டு வந்தவரோ?"

வகுப்பே சிரித்தது. அவள் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் காலையில் மீன் வாங்கக் கரைக்குப் போனேன். கடல் பக்கமிருந்து தாழப் பறந்து வந்த குருவி ஒன்று என் காலடியில் பொத்தென்று விழுந்தது. பச்சை முதுகு, சிவந்த அடிவயிறு. ஆறுமணிக்குருவியேதான். வலை உதறிக்கொண்டிருந்த மெற்றில்டாவின் தகப்பன் ஓடி வந்து, அதை இரு கைகளாலும் ஏந்தி வள்ளத்தின் நிழலில் வைத்தார்.

"களைச்சுப் போச்சு, சேர். ஒவ்வொரு வருசமும் இப்பிடித்தான். கொஞ்சம் கிடந்திட்டுக் காட்டுக்குப் போயிடும்."

வகுப்பில் நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்த முகத்தில் ஏளனம் துளியும் இல்லை.

அன்றே வகுப்பில், "மெற்றில்டா எழுதினது சரி. நான்தான் பிழை," என்றேன்.

"ஓம் சேர், எனக்குத் தெரியும்," என்றாள், நிமிராமலே.

பிழையை ஒத்துக்கொண்டால் மனம் ஆறிவிடும் என்று நினைத்திருந்தேன். இன்றும் ஒரு பிள்ளை ஏதாவது சொல்ல வாயெடுத்தால், என் உதட்டில் சிரிப்பு வருகிறதா என்று பயத்தோடு பார்த்துக்கொள்கிறேன்.