முனை வீட்டு மூன்றடி

ஏகாம்பரம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் ஜெயமேரி. கிழக்குக் கடற்கரைச் சாலைக் குழாயிலிருந்து இரண்டாவது நடை திரும்பிக்கொண்டிருந்தவர், என் வாசலில் குடத்தை இறக்கினார். "பிளான்காரரு போயிட்டாருங்க. பாண்டி ஆஸ்பத்திரியில, விடியக்காலையில" என்றார். பிறகு குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். அவர் வீட்டுக்கு இன்னும் ஒன்பது மனைகள் தாண்ட வேண்டும்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் ஏகாம்பரத்தை மனை வரைபடம் போடுபவராக அறிவீர்கள். மரக்காணத்துக்கும் கூனிமேட்டுக்கும் இடையில் கொடி நட்டு விற்ற நகர்களில் பாதி அவர் மேஜையில் பிறந்தவை. எங்கள் அலைமகள் நகரும் அப்படித்தான். அதில் மூன்று அவென்யூக்கள் உண்டு. மூன்றாவது அவென்யூவில் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் உப்பளம். ஒரு தெருவுக்கு என்ன பெயரும் வைக்கலாம். அதற்கு விதி இல்லை.

அகலத்துக்கு விதி இருந்தது. இருபத்துமூன்று அடி இருந்தால் ஊராட்சிப் பதிவேட்டில் அது தெரு. குறைந்தால் பாதை. தெருவுக்கு விளக்கும் குழாயும் வரும். பாதைக்கு மனிதர்கள் மட்டும் வருவார்கள். வரைபடத்தில் எங்களுக்கு இருபத்துமூன்று அடி சரியாக இருந்தது. சுனாமியில் உப்பளத்து வரப்பு கரைந்துபோனதால் உரிமையாளர் காதர் பாய் தன் நிலத்தை மறுபடி அளந்து கல் நட்டார். கல் நட்டு முடித்தபோது எங்கள் தெருவில் பதினேழு அடி மிச்சம் இருந்தது.

பாயின் வரப்பையும் தெருவாகச் சேர்த்து வரைந்திருந்தார் ஏகாம்பரம். மனைகள் இன்னும் ஆறடி நீளமாக வேண்டுமென்று நகரை விற்றவர் கேட்டிருக்கிறார். "பேப்பர்ல ஆறடிங்கறது அரை விரக்கடை சார்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அந்த அரை விரல் அகலத்தில்தான் நாங்கள் எல்லோரும் சுவர் கட்டியிருந்தோம்.

கடைசி மனையை யாரும் வாங்காததால் அவரே வாங்கிக் குடிவந்தவர். போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வரும். பாய்க்கு அது தொழில், எங்களுக்கு அது சோதனை. அவரும் மனைவியும் சாலைக் குழாய் வரிசையில் நிற்பார்கள். ஜெயமேரி விடமாட்டார். "ஏன் பிளான்காரரே, அவென்யூ வரைஞ்ச கையால அப்படியே ஒரு கொழாயும் வரைஞ்சிருக்கலாமில்ல?" வரிசை முழுக்கச் சிரிக்கும். அவரும் சிரிப்பார். பிறகு தன் மனைவியின் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நடப்பார்.

இந்த ஆண்டு புதுக் குழாய் போட வந்தார்கள், தெருக்களுக்கு மட்டும். உள்ளாட்சித் தேர்தலுக்கு முந்தைய கடைசி ஊராட்சிக் கூட்டத்துக்குள் எங்கள் பாதை தெருவாகிவிட வேண்டும். ஏகாம்பரம் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மூன்றடி உப்பளத்திலிருந்து, மூன்றடி வீடுகளிலிருந்து என்பது அவர் கணக்கு.

முதலில் பாயிடம் போனார். நானும் உடனிருந்தேன். பாய் பாத்தி ஓரத்தில் மூன்றடியைக் காலால் அளந்து பார்த்தார். "மூணடி எடுத்துக்கோ ஏகாம்பரம். உப்பு மூணடி தள்ளி வெளைஞ்சிட்டுப் போவுது. ஆனா காலையில உன் அவென்யூ ஆளுங்க ஒருத்தனும் என் வரப்புல வந்து குந்தக் கூடாது. அதை மட்டும் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக் குடு." ஏகாம்பரம் எழுதிக்கொடுத்தார். அலைமகள் நகரின் ஆவணங்களில் முழுக்க உண்மையான ஒன்று உண்டென்றால் அதுதான்.

பிறகு வீடு வீடாக ஏறினார். ஜெயமேரி தன் வாசற்படியைத் தானே கடப்பாரையால் பெயர்த்தார். ஒவ்வொருவராகத் தானப்பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மீதி இருந்தது முனை வீடு. தெருவின் அகலத்தை முனையில்தான் அளப்பார்கள். முனை வீடு என்னுடையது.

சுவரை அப்போதுதான் கட்டியிருந்தேன். நான் மறுக்கவில்லை; மறுப்பது நாகரிகம் அல்ல. சந்தேகங்கள் கேட்டேன். முனையில் வண்டி திரும்ப மூன்றடி போதுமா, தானம் கொடுத்த நிலத்தில் பின்னால் கடை வந்தால் யார் பொறுப்பு என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வரைபட எழுத்துகளில், அச்சடித்ததுபோல, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி வந்தார். நான் மேலும் ஒரு பக்கம் எழுதினேன். சுவருக்கு உட்புறம் மூன்றடி தள்ளி ஒரு முளைக்குச்சி அடித்துக்கொள்ள மட்டும் அனுமதித்தேன்.

கூட்டத்துக்கு முந்தைய நாள் பத்திரத்தோடு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை; பத்திரத்தை என் மேஜையில் வைத்தார்.

"சார், நான் தெரிஞ்சேதான் தப்பா வரைஞ்சேன். பாய் கேக்க மாட்டாருன்னு நெனச்சேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க மனசு வெச்சா அது அழிஞ்சிடும் சார்."

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

"நாளைக்குப் பதினொரு மணிக்குக் கூட்டம் சார்."

"பத்து மணிக்குச் சொல்றேன்."

மறுநாள் பத்து மணிக்கு நான் திண்டிவனம் பஸ்ஸில் இருந்தேன். அங்கே எனக்கு எந்த வேலையும் இல்லை. என் பூட்டிய கேட்டின் முன்னால் அவர் பன்னிரண்டு வரை நின்றதாகப் பிறகு சொன்னார்கள். குழாய் இரண்டாவது அவென்யூவோடு நின்றது. மூன்று வாரத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று டாக்டர் சொல்லவில்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லை.

பாடை என் சுவரை ஒட்டித்தான் போனது. பாடைக்குப் பதினேழு அடியே தாராளம். பாய் மட்டும் சற்று நின்று, சுவரைக் கையால் தொட்டுப் பார்த்து, "நல்ல கட்டு" என்றார்.

போன திங்கட்கிழமை ஆள் வைத்துச் சுவரை இடித்தேன். அவர் கொண்டுவந்த அதே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு ஊராட்சிக்கு எடுத்துப்போனேன். கிளார்க் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "இப்ப குடுத்தா யாரு சார் வாங்கிக்குவாங்க? கொழா போட்டவன் மூட்டை கட்டிட்டான். ரிஜிஸ்டர்ல பாதைன்னு ஏறிடுச்சி."

நேற்றும் ஜெயமேரி குடத்தோடு போனார். செங்கற்கள் இன்னும் அள்ளப்படாததால் சுற்றிக்கொண்டு போனார். முளைக்குச்சி அடித்த இடத்திலேயே நிற்கிறது. அதற்கும் சுவர் இருந்த இடத்துக்கும் நடுவில், முப்பதடி நீளத்துக்கு, ஏகாம்பரம் என்னிடம் கேட்ட மூன்றடி கிடக்கிறது. அதன் பட்டா இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.