தலைவர் வீட்டுக்கு உறைப்பில்லை

எண்ணெய் ஊறிய ஒரு தமிழ்ப் பேப்பர்த் தாள் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. அதன் ஓரத்தில் நீலப் பேனையால் மாமியின் கோணல் எழுத்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போதும் நெஞ்சு நிமிர்கிறது.

இரண்டாயிரங்களின் நடுவில், நோர்வேயில், குரோருட்டில் இருந்த மாமி வீட்டுக்கு மருமகளாய் வந்தவள் நான். குப்பை விஷயத்தில் மாமியைப் போலக் கறாரான ஆளைக் கண்டதில்லை. பால் பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து, தட்டையாக்கி, ஒன்றுக்குள் ஒன்று செருகுவார். எண்ணெய் பட்ட தாள் கடதாசித் தொட்டிக்குள் போகவே கூடாது. பேர்கனில் இருந்த மகளோடு தொலைபேசியிலும் இதே சண்டைதான். "உங்கடை ஊரிலை வேறை சட்டம், இஞ்சை வேறை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதை!"

அப்படிப்பட்டவருக்குத்தான், தீபாவளி முடிந்த கிழமை, எங்கள் மாடிப்படியையே பாவிக்கும் குடியிருப்புச் சங்கத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. கடதாசித் தொட்டிக்குள் கோழி எலும்பும் தகரப் பேணியும் கலந்து கட்டிய ஒரு பையாம். அதற்குள் தமிழ்ப் பேப்பராம். எங்கள் மாடிப்படியில் தமிழர் நாங்கள் மட்டும்தான். விஷயம் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பேசப்படும் என்று எழுதியிருந்தது. "மன்னிப்புக் கேட்டிட்டு விடுங்கோ அம்மா" என்றார் என் கணவர். வெட்கக்கேடு, நானும் தலையாட்டினேன். மாமி கோப்பை கழுவுவதை நிறுத்தவில்லை. "செய்யாத பிழைக்கு நான் ஏன் மன்னிப்புக் கேக்கோணும்? ஒபீஸ் ஒபீஸா இந்த ஊரின்ரை குப்பையைக் கூட்டித்தானே உன்னை வளர்த்தனான்!"

கூட்டத்தில் தலைவர் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். மாமி எழுந்துபோய் அதை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். தீபாவளிக்கு எங்கள் மாடிப்படியில் எல்லா வீட்டுக்கும் அவர் வடை கொடுப்பார். நோர்வேக்காரருக்கு மட்டும் மிளகாய் போடாமல் சுடுவார். பார்சல் மாறிவிடக் கூடாதென்று சுற்றிய பேப்பரில் எழுதியும் வைப்பார். தாளை என்னிடம் நீட்டினார். "வாசி பிள்ளை. ஒரு சொல்லும் விடாமல் அவையின்ரை பாசையிலை சொல்லு." வகுப்பில் படித்த அரைகுறை நொர்ஸ்கில் சொன்னேன்: "தலைவர் வீடு. உறைப்பில்லை."

தலைவரின் காது சிவந்தது. வடை நன்றாக இருந்தது என்று அவர் மனைவி தலையைக் குனிந்தபடி முணுமுணுத்தார். தலைவர் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார், மாமி விடவில்லை. "கடிதத்திலை சொன்னதுக்குக் கடிதத்திலை கேக்கட்டும்" என்று அதையும் என்னையே சொல்ல வைத்தார். தாளைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். மன்னிப்புக் கடிதம் மூன்றாம் நாள் வந்தது.

அடுத்த தீபாவளிக்கும் தமிழ்ப் பேப்பரில்தான் வடை சுற்றினார். "அந்தாளுக்குமோ மாமி?" என்று கேட்டேன். "ஓம், குடுக்கத்தான் வேணும். இந்தமுறை உறைப்போடை."

மாமி இப்போது பேர்கனில் மகளோடு இருக்கிறார். அங்கேயும் சங்கத்தோடு சண்டை தொடங்கிவிட்டதாம். போகும்போது இந்தத் தாளை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நேற்று லாச்சியைத் துப்புரவாக்கிய கணவர், இது எந்தத் தொட்டிக்கு என்று கேட்டார்.

"அதிலை கை வைச்சுப் பாருங்கோ" என்றேன்.