அல்லேலூயாவுக்கு எழுந்து நின்ற மாடி

என் ஆல்பத்தை முதலில் கேட்ட கிட்டார் கடைக்காரர் பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார். இது ஆல்பமா, காயும் பழமும் கண்டதும் கலந்த ரோஜாக் தட்டா என்று கேட்டார். ஒரு பாட்டில் உறுமி மேளம், அடுத்ததில் தொண்டை கிழியக் கத்தல், அதற்கடுத்ததில் பழைய மலாய்க் கல்யாணப் பாட்டு மாதிரி வயலின். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள் என்று அறிவுரை வேறு. எனக்கு வந்ததே கோபம். ரோஜாக் பிடிக்காதவன் இந்தத் தீவில் எவன்?

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சிப் சோதிக்கும் வேலை எனக்கு. கம்பெனி பஸ்ஸில் டிரைவர் மலாய்ப் பாட்டு வைப்பார், பின் சீட்டில் யாராவது போனில் ராப் வைப்பார்கள். வீட்டுக்கு வந்தால் மேல்மாடியில் தைப்பூசத்துக்கு உறுமி பழகும் சத்தம், சமையலறையில் அம்மாவின் மாதா கோயில் பாட்டு கேசட். இவ்வளவும் ஒரே காதில் நுழைகிறது. வெளியே வரும்போது மட்டும் வரிசையில் நிற்க வேண்டுமாம். மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு, என் அறையிலேயே எல்லாவற்றையும் நானே வாசித்துப் பதிவு செய்தேன்.

அதில் என்னுடையது அல்லாத ஒரே சத்தம் அம்மாவின் குரல். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அம்மா கோயில் பாடகர் குழுவிலிருந்து தானாகவே விலகிவிட்டார். பூசையில் உதடு மட்டும் அசையும். துணி மடிக்கும்போது, யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பாடுவார். அந்தக் கரகரப்பு எனக்கு உயிர். கெஞ்சிக் கூத்தாடி ஓர் அல்லேலூயா பாடவைத்தேன். இதற்கு மியூசிக் சேர்க்கப்போகிறேன் என்று சொன்னபோது சந்தோஷமாகத் தலையாட்டினார். அம்மா நினைத்த மியூசிக் கோயில் கீபோர்டு.

வெளியீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில். கத்தல் பாட்டுக்கென்றே வரும் கறுப்புச் சட்டைப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தனியாக வருவார் என்று பார்த்தால், பூசை முடிந்த கையோடு ஜெபக்குழுப் பெண்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மகள் கோயில் பாட்டு ஆல்பம் போட்டிருக்கிறாள் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். பட்டுச் சேலையோடு முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்தார்கள். இவர்கள் முகம் சுளித்தால், அம்மா இனி துணி மடிக்கும்போதுகூடப் பாட மாட்டார்.

வேறு வழியில்லாமல் ஆல்பத்தை முதலிலிருந்து ஒலிக்கவிட்டேன். உறுமிக்குத் தாளம் போட்டார்கள். கத்தல் வந்தபோது ஒருவர் கைப்பையிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். அப்புறம் அம்மாவின் குரல் வந்தது, எந்தத் துணையும் இல்லாமல், கரகரவென்று.

அம்மா எழுந்து நின்றார். பூசையில் நற்செய்திக்கு முன்னால் அல்லேலூயா கேட்டதும் எழுந்து பழகிய கால்கள். பாடுவது தான்தான் என்று மனசுக்கு எட்டுவதற்குள் அவை எழுந்துவிட்டன. ஜெபக்குழு மொத்தமும் எழுந்தது. பின்னால் இருந்த பிள்ளைகள், இந்தப் பாட்டுக்கு இதுதான் மரியாதை போல என்று தாங்களும் எழுந்தார்கள். உறுமி நுழைந்தது, கிட்டார் இரைந்தது. நற்செய்தி முடியும்முன் உட்கார்ந்து அந்தப் பெண்களுக்குப் பழக்கமில்லை. பாட்டு முடியும்வரை அந்த மாடியே நின்றுகொண்டு கேட்டது. நான் மிக்சருக்குப் பின்னால் குனிந்துகொண்டு அழுதேன்.

எல்லாம் முடிந்ததும் ஜெபக்குழுவில் மூத்தவர் காது அடைத்துவிட்டது என்று என்னிடம் குறைபட்டார். பிறகு அம்மா பக்கம் திரும்பி, "இந்தக் குரல வச்சிக்கிட்டா பூசையில வாய மூடிக்கிட்டு நிக்கிற?" என்று அதட்டினார். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

மரப்படி செங்குத்தானது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். பாதிப் படியில் நின்றார்.

"சத்தம் ரொம்ப ஜாஸ்தி லா," என்றார். "அடுத்த தடவ எனக்குச் சுருதிய அரைக் கட்டை கீழ வை. இப்ப அங்கதான் நல்லா வருது."