தாமதப் பக்கத்தில் ஒட்டிய ராக்கெட்

கப்பல் ஏஜெண்டு ஆபீசில் பேப்பர் கத்தரிக்கிற வேலை என்றால், கப்பலுக்காகக் காத்திருக்கிறவர்களோடு சேர்ந்து நாமும் காத்திருக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் வீட்டுக்காரர் வரும் கடைசி பஸ்ஸுக்கும் காத்திருந்து பழகிய உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நாலு பக்கம்

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில், மிளகுக் கிடங்குக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். நான் தென்காசிப் பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுகிறவர், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில். காலையில் நாலு பேப்பர் வரும். கப்பல் செய்திகளைக் கத்தரித்துப் பெரிய நோட்டில் ஒட்ட வேண்டும். இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். ஆனாலும் கப்பல் வந்ததா, வரப்போகிறதா என்பதைத் தலைப்பின் உருவத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். பசை நானே வீட்டில் காய்ச்சுவது. கரப்பான் தின்னாமலிருக்க மயில்துத்தம் போட்டிருப்பதால், என் மகள் செல்வியின் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பேன். அவள் மேஜைக்கடியில் மிச்சக் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பாள்.

நோட்டில் நாலு பகுதி: வரவேண்டியவை, வந்தவை, தாமதம், மூழ்கியவை. பேப்பரில் வந்ததை நம்பாத வியாபாரிகள்கூட மாடியேறி வந்து எங்கள் நோட்டைப் பார்த்தால் நம்பிவிடுவார்கள். அதனால்தான் முதல் நாளே முதலாளி சொன்னார்: “ஒட்டற பக்கம் மாறினா மூணு கடைக்காரன் சோறு திங்க மாட்டான். ஞாபகம் வெச்சுக்கோ.”

ஆடியில் ராக்கெட், ஆவணியில் கல்யாணம்

டைப் அடிக்கிற சாந்தாவுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. பையன் சுகுமாரன், திருவனந்தபுரத்தில் ராக்கெட் செய்கிற இடத்தில் ஃபிட்டர். ராக்கெட் கிளம்புகிறவரை அங்கே யாருக்கும் லீவு கிடையாதாம். மலையாளத்துக் கர்க்கடகம், அதாவது நம்ம ஆடி, அந்த மாதத்தில் இங்கே யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அந்த மாதமே ராக்கெட் போய்விட்டால் ஆவணியில் தாலி கட்டலாம் என்று பேச்சு. “சேச்சி, ராக்கெட் நியூஸ் கண்ணில் பட்டால் எனக்காகக் கத்தரிங்களேன்” என்றாள் சாந்தா. கத்தரித்தேன். தனிப்பக்கம் இல்லாததால் ‘வரவேண்டியவை’யில், ஒரு ஜப்பான் கப்பலுக்குக் கீழே ஒட்டினேன்.

முதலாளி பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அது ஏற்றிப்போகும் செயற்கைக்கோளின் எடையைத்தான் தேடிப் படித்தார். “ஒரு சாக்கு மிளகுக்குக்கூடக் காணாது. இதுக்குப் போய் இத்தனை ஆளா?”

எந்தப் பக்கம்

எழுபத்தொன்பது, ஆடி மாதம், நல்ல மழை. காலை ரேடியோவில் ராக்கெட் கிளம்பியது என்றார்கள். சாந்தா சாயா வாங்கிக் கொடுத்தாள். நாங்கள் குடித்து முடித்துக் கிளாஸ் கழுவுவதற்குள், வங்காள விரிகுடாவில் விழுந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு அவள் அடித்த கடிதத்தில் ஒரே வரி மூன்று தடவை இருந்தது. அது முதலாளி மேஜைக்குப் போகாமல் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

மறுநாள் பேப்பரைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கடலில் விழுந்தது ‘மூழ்கியவை’க்குத்தான் போக வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. ‘தாமத’த்தில் ஒட்டிவிட்டேன். மத்தியானம் முதலாளி கூப்பிட்டார். “கடலுக்கடியிலே கிடக்கறது உனக்குத் தாமதமா?”

“கப்பல் முழுகினா ஆளும் சேர்ந்து போயிடும் முதலாளி. இதிலே ஆள் அத்தனை பேரும் கரையிலே பத்திரமா இருக்காங்க. இன்னொண்ணு செய்வாங்க. அப்ப தாமதம்தானே?” என்றேன். அவர் நோட்டை மூடினார். “பசை காஞ்சிடுச்சு. இனி பிச்சா பக்கம் கிழியும்.”

வளைகுடா மாப்பிள்ளை

அந்த வாரமே சாந்தாவின் அப்பா மாடியேறி வந்தார். தோப்பும்படியில் மீன் வலைக்கடை வைத்திருப்பவர். வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒரு பையன் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறதாம். ராக்கெட்காரனை விட்டுவிடலாமா என்று முதலாளியிடம் கேட்கத்தான் வந்தார். “நான் துறைமுகத்திலேயே கிடக்கிற ஆள். கடலில் விழுந்தது எழுந்து வந்து பார்த்ததில்லை. அந்தப் பையனுக்கு இனி வேலை இருக்குமா? என் மோளை எத்தனை காலம் வீட்டில் வைப்பேன்?” என்றார். டைப் சத்தம் நின்றுவிட்டது. சாந்தா அப்பாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

முதலாளி யோசித்தார். மிளகு விலைக்குக்கூட அவ்வளவு நேரம் யோசித்து நான் பார்த்ததில்லை. பிறகு நோட்டை எடுத்து, பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். வலைக்கடைக்காரர் விரலை வைத்து மேல் தலைப்பை இரண்டு தடவை படித்தார். முதலாளி சொன்னார்: “எங்க நோட்டிலே தாமதம்னுதான் இருக்கு. தாமதம்னா சரக்கை வேற ஆளுக்கு விக்க மாட்டோம்.”

அடுத்த ஆடி

வளைகுடாப் பையன் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான். சாந்தாவின் அப்பா மாதம் ஒருமுறை வந்து நோட்டைப் பார்ப்பார். பேச மாட்டார், சாயாவும் குடிக்க மாட்டார். அந்த ஒரு வருஷம் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நம்புங்கள். மூன்று கடைக்காரர் பாவத்தைவிட ஒரு பெண் பாவம் பெரிது. பக்கம் மாற்றி ஒட்டியவள் நான்தானே?

எண்பதாம் வருஷம், அதே ஆடி, அதே மழை. ரேடியோ கிளம்பியது என்றது. இந்தத் தடவை யாரும் சாயா சொல்லவில்லை. கடைசியில், செயற்கைக்கோள் பூமியைச் சுற்றத் தொடங்கிவிட்டது என்று வந்தது. சாந்தா டைப் மெஷின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். மறுநாள் செய்தியைக் கத்தரித்து, ‘வந்தவை’ப் பக்கத்தில் பசை தடவப் போனேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். “அய்யோ சேச்சி, வந்தவையில் வேண்டாம். அது வந்தால்தான் ஆபத்து.”

கூலி என்ன

ஆவணியில் கல்யாணம். அடுத்த வருஷம் புருஷனும் பெண்டாட்டியுமாக ஆபீசுக்கு வந்தார்கள். முதலாளி ஒரு பேப்பர் துண்டோடு தயாராயிருந்தார். ஐரோப்பாவில் ஒரு கம்பெனி, யார் செயற்கைக்கோளானாலும் கூலிக்கு ஏற்றிப்போய் மேலே விடுமாம். கப்பல் மாதிரியே சரக்கு, வாடகை, இன்ஷூரன்ஸ் எல்லாம் உண்டாம். “நீங்களும் ஆரம்பிங்க தம்பி. கொச்சி ஏஜென்சி எனக்கு” என்றார்.

சுகுமாரன் கூச்சத்தோடு சிரித்தான். கைவிரல்களில் பழைய வெட்டுத்தழும்புகள். “எங்க சரக்கையே இன்னும் ரெண்டு மூணு தடவை ஒழுங்கா ஏத்திப் பார்க்கணும் முதலாளி. ஊரார் சரக்கைக் கடலில் போட்டுட்டு தாமதம்னு சொன்னா, எல்லாரும் உங்களை மாதிரி கேட்டுக்க மாட்டாங்க.”

இப்போது நோட்டில் ‘சுற்றிக்கொண்டிருப்பவை’ என்று ஐந்தாவதாக ஒரு பகுதி இருக்கிறது. அதில் அந்த ஒரே செய்திக்குக் கீழே செல்வி என் பசையை எடுத்து அவளுடைய அப்பாவின் போட்டோவை ஒட்டிவைத்திருக்கிறாள், பக்கம் சரிதான் என்று நானும் விட்டுவிட்டேன்.