யாழினி எடுத்ததும் நான் வைத்ததும்

என் மகளை நான் ஏமாற்றினேன். அவள் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுத்த உயிரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, எனக்குப் பிடித்த வேறொன்றை உள்ளே வைக்கச் சொன்னேன். அப்போது அவளுக்கு ஐந்து வயது. இப்போது எட்டு. இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

சொல்லிவிட்டேன்!

நீங்கள் சிரிக்கலாம். ஒரு கினி பிக்குக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். கேளுங்கள்… நானும் மூன்று வருடமாக அப்படித்தான் கேட்டு என்னைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். தேறவில்லை.

போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் காய் பொறுக்குவது என் வேலை. பன்னிரண்டாவது முடித்த கையோடு போய் உட்கார்ந்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை. மலையிலிருந்து வரும் காயைச் சல்லடையில் சலித்து எங்கள் முன்னால் கொட்டுவார்கள். வெடித்தது, வெளுத்தது, மெலிந்தது எல்லாம் ஒரு பக்கம். பச்சையாய், திரட்சியாய், உருண்டிருப்பது மறுபக்கம். வாய் பக்கத்தில் இருப்பவளோடு வம்பளந்துகொண்டிருக்கும். கை தன் பாட்டுக்கு மெலிந்த காயைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மறைப்பானேன்?

அந்தக் கை குடோனோடு நின்றிருந்தால் எந்த வம்பும் இல்லை.

நிற்கவில்லையே! யாழினி நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவள் எதைத் தொட்டாலும் என் கை குறுக்கே போனது. திருவிழாக் கடையில் அவள் ஒரு வளையலை எடுத்தால், "அது நெளிஞ்சிருக்குடி" என்று பிடுங்கி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிவிட்டேன். கொய்யாப்பழமா? அவள் எடுத்தது காய்; நான் எடுத்துக் கொடுத்தது பழம். நல்லதைத்தானே கொடுத்தேன்? எந்தத் தாய்தான் சொத்தையைக் கொடுப்பாள்?

ஆனால் குழந்தை என்ன ஆனாள் தெரியுமா? எதை நீட்டினாலும் என் முகத்தைப் பார்க்கிறவளாக ஆனாள். மிட்டாய் டப்பாவைத் திறந்து வைத்தாலும், "நீ சொல்லும்மா" என்பாள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா நல்லாப் படிக்குது. ஆனா கலர் பென்சில நீட்டுனா, பக்கத்துப் புள்ள எடுத்த பெறகுதான் எடுக்குது. அதுக்கா எதுவும் எடுக்கத் தெரியலம்மா" என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஜீப் ஓட்டுகிறவர். தோட்டத்து ஆட்களைக் குரங்கணிக்கும் அதற்கு மேலேயும் ஏற்றிக்கொண்டு போவார். கோபப்படத் தெரியாத மனிதர். "அவளுக்கு ஒண்ணு வாங்குவோம். உசுருள்ளது. அத அவளே எடுக்கட்டும். நீ மட்டும் கைய வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்றார்.

வைக்கமாட்டேன் என்று மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். ஆம்… அவள் தலையில்!

என்ன வாங்குவது என்று ஒரு வாரம் வீட்டில் கச்சேரி நடந்தது. நாய் வளர்க்க வீட்டுச் சொந்தக்காரர் விடமாட்டார். மீன் யாழினிக்குப் பிடிக்கவில்லை. "கட்டிப்பிடிக்க முடியாதுல்ல" என்றாள். கைக்குள் அடங்க வேண்டும், கடிக்கக் கூடாது, மெத்தென்று இருக்க வேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. இவர் ஜீப்பில் வந்த யாரோ, தேனியில் ஒரு கடையில் முயல் மாதிரி, எலி மாதிரி சின்னச் சின்னதாய் விற்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

குடோனில் சொன்னபோது ஒரே கூத்து. "ஏன்டி, இங்க எலிக்குப் பொறி வச்சு முடியல. நீ என்னடான்னா துட்டு குடுத்து எலி வாங்கப் போறியா? நாலு நாள் பொறு, நான் சும்மாவே புடிச்சுத் தாறேன்!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் காயைக் கீழே விட்டுவிட்டுச் சிரித்தார்கள். நானும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தேனிக்குப் பஸ் ஏறினோம். யாழினி பண்டிகைக்கு எடுத்த கவுனைப் போட்டுக்கொண்டாள்!

கடைக்காரர் பொறுமைசாலி. முதலில் வெள்ளை எலிகளைக் காட்டினார். நான் போட்ட கூச்சலில் அவரே அந்தக் கூண்டைத் துணி போட்டு மூடிவிட்டார். அடுத்தது ஹாம்ஸ்டர். உருண்டையாய், பார்க்கப் பார்க்க ஆசையாய் இருந்தது. "இது பகல்லாம் தூங்கும் பாப்பா. தூங்கும்போது தொட்டா வெடுக்குனு கடிச்சிரும். ஒனக்கு இது வேணாம்" என்று உண்மையைச் சொன்னார். பிறகு ஒரு பெரிய கூண்டுக்குக் கூட்டிப்போனார். "இது கினி பிக்கு. சாது. புல்லு, கேரட்டு, மல்லித்தழை, அம்புட்டுதான். ரெண்டு கையாலயும் அடியில தாங்கித் தூக்கணும். கீழ போட்ரக் கூடாது, என்ன?"

ஏழெட்டு இருந்தன. பழுப்பும் வெள்ளையுமாய், மூக்கைத் துடிக்க விட்டுக்கொண்டு…

யாழினி கூண்டின் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உத்தரத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாது. கடைசியில் மூலையில் ஒடுங்கிக் கிடந்த ஒன்றை நோக்கி விரலை நீட்டினாள். "அதுதான். அது என்னயவே பாத்துக்கிட்டு இருக்கு."

இருப்பதிலேயே நோஞ்சான் அது! காதுக்குப் பின்னால் ஒரு காசு அகலத்துக்கு முடி இல்லை. முதுகெலும்பு தெரிந்தது.

இவர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை; அவளை அப்படியே தூக்கிச் சுற்றினார். "எம் மக எடுத்துட்டா!" என்று கடையே திரும்பிப் பார்க்கக் கத்தினார். கடைக்காரர் அதை எடுத்து, துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்தார். அப்பாவும் மகளும் வாசலில் இருந்த லவ் பேர்ட்ஸைப் பார்க்கப் போனார்கள்.

அந்த இரண்டு நிமிடம்தான்… என் வாழ்க்கையில் நான் திரும்ப வாங்க ஆசைப்படும் இரண்டு நிமிடம்!

கூண்டில் இன்னொன்று இருந்தது. அதே பழுப்பு, அதே வெள்ளை. கொழுகொழுவென்று, பளபளவென்று, கை நிறைய நிறைய. என் கண் அதன்மேல் போனது. கை சும்மா இருக்குமா? "அண்ணே, இத எடுத்துட்டு அத வைங்க" என்றேன்.

"பாப்பா இதத்தானம்மா கேட்டுச்சு?"

"அதுக்கென்ன தெரியவா போகுது. வெரசா மாத்துங்கண்ணே."

மாற்றினார். அப்போது என் மனதில் குற்ற உணர்ச்சி இருந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. நிறைவாக இருந்தது. ஒரு குவியலைச் சுத்தமாகப் பொறுக்கி முடித்தால் வருமே, அந்த நிறைவு. இதைச் சொல்லத்தான் எனக்கு அதிகக் கூச்சமாக இருக்கிறது.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு துளை வழியாகப் பேசிக்கொண்டே வந்தாள். கண்டக்டர், "உள்ள யாரு? டிக்கெட் எடுத்தாச்சா?" என்று மிரட்டினார். "அது சின்னப் புள்ள. அரை டிக்கெட்டுகூடக் கெடையாது" என்று யாழினி பட்டென்று சொன்னாள். யாரிடமும் வாய் திறக்காத என் குழந்தை! பஸ்ஸே சிரித்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். திகைத்துப்போய் நின்றாள்.

"அம்மா… இது குண்டாயிருச்சு!"

"பயத்துல உப்பியிருக்கும்டி" என்றேன். எவ்வளவு கேவலமான பொய்!

"முடி இல்லாத எடமும் மூடிருச்சு!"

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொல்லிக்கொண்டாள். "நான் எடுத்தேன்ல… அந்தச் சந்தோஷத்துல சரியாயிருச்சு." சொல்லிவிட்டுக் குதித்தாள். உப்பிப்போனதால் அதற்குப் பூரி என்று பெயர் வைத்தாள்.

பூரி எங்கள் வீட்டை ஆண்டது. பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், மல்லித்தழை வந்துவிட்டது என்று விசில் அடிக்கும். இவர் மலையிலிருந்து இறங்கும்போது ஜீப்பை நிறுத்திவிட்டு இளம்புல் பறித்துக்கொண்டு வருவார். "ஊரே எலிக்கு மருந்து வைக்குது, நாம விருந்து வைக்கிறோம்" என்று சொல்லிக்கொண்டே அதன் வாயில் ஒவ்வொரு புல்லாய் ஊட்டுவார்.

மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த யாழினி போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. பூரிக்குப் பக்கத்தில் மூன்று குட்டிகள்! பிறந்தபோதே கண் திறந்து, உடம்பெல்லாம் முடியோடு, அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டன. திரட்சியைப் பார்த்துப் பொறுக்கினேனே, அந்தத் திரட்சிக்குக் காரணம் இதுதான்! குடோனில் இத்தனை வருடம் இருந்தவளுக்குத் திரட்சி எது, கர்ப்பிணி வயிறு எது என்று தெரியவில்லை பாருங்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன்.

வடை, பஜ்ஜி, போண்டா என்று பெயர் வைத்தோம்.

தெருவில் எல்லோரும் யாழினியை மெச்சினார்கள். "ஒண்ண எடுத்து நாலாக்கிட்டாளே, ராசியான கையி ஆத்தா ஒனக்கு!" என்றார்கள். என் மகள் தன் உள்ளங்கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து அவள் வேறு குழந்தை. கலர் பென்சிலை முதல் ஆளாக எடுத்தாள். ஊதாப் பாவாடைக்கு மஞ்சள் சட்டை எடுத்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். "நான் எடுத்தா சரியாத்தான் இருக்கும்" என்கிறாள். எவ்வளவு அழகாகச் சொல்கிறாள் தெரியுமா! பார்க்கப் பார்க்க எனக்கு மனம் பூரித்துப்போகிறது.

அந்தப் பூரிப்பின் நடுவில்தான் சுருக்கென்று குத்தும். அவள் நம்பும் அந்தக் கை, அவளுடையது அல்லவே. என்னுடையது! அவள் எடுத்ததைத் தள்ளிவிட்ட கை.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாய்த் தேனிக்குப் போனபோது அந்தக் கடையில் எட்டிப் பார்த்தேன். மூலையில் எதுவும் இல்லை. கடைக்காரருக்கு என்னையே ஞாபகமில்லை. அதை எங்கே ஞாபகம் இருக்கும்? யாராவது வாங்கியிருக்கலாம். அல்லது… அந்த 'அல்லது'க்குப் பிறகு நான் யோசிப்பதில்லை.

சொல்லிவிடலாமே என்கிறீர்களா? எத்தனை தடவை வாயெடுத்திருக்கிறேன்! சொன்னால் அவள் மறுபடி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம். இல்லை, அதுவும் சாக்குதானா? என் முகத்தை அவள் இனி எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் என் பயமா? எனக்கே தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ராசிங்காபுரத்திலிருந்து மதினி, அதாவது இவருடைய அக்கா, தன் நாலு வயது மகள் மித்ராவோடு வந்திருந்தார். பஜ்ஜி இப்போது தாய். அடுத்த தெருவில் ஒருவர் வளர்க்கும் ஆணோடு சேர விட்டதில் நான்கு குட்டிகள். மித்ராவுக்கு ஒன்று தருவதாக யாழினி எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாள்.

மித்ரா வெகுநேரம் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பொடிசான ஒன்றைத் தொட்டாள். மதினி உடனே குனிந்தார். "அய்ய, அது சோப்ளாங்கியா இருக்குடி. இந்தா, இத எடு."

யாழினி பாய்ந்து போய் இரண்டு கையையும் விரித்து நடுவில் நின்றாள். "அத்தே, மாத்தக் கூடாது! அவ எடுத்தா எடுத்ததுதான். நான் எடுத்தப்ப எங்கம்மா பக்கத்துலதான் நின்னுச்சு. மாத்தவே இல்ல. வேணும்னா கேட்டுப் பாருங்க. அம்மா, சொல்லும்மா!"

மதினி என்னைப் பார்த்தார். இவர் பார்த்தார். கையை விரித்தபடியே என் மகள் பார்த்தாள். அந்தக் கண்ணில் துளிச் சந்தேகம் இல்லை.

"ஆமா மதினி… புள்ள எடுத்தத நான் தொடவே இல்ல. நீங்களும் விட்ருங்க" என்றேன்.

மதினி கையை எடுத்துக்கொண்டார். மித்ரா அந்தப் பொடிசை இரண்டு கையாலும் அடியில் தாங்கித் தூக்கி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள். யாழினி ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். என் குரல் தடுமாறவில்லை. கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை! அத்தனை பெருமையோடு நான் வேறு எந்தப் பொய்யும் சொன்னதில்லை.